கொக்கியில் தொங்கிய வில்லை

போர்ம்லா, மால்டா
6 பிப்ரவரி 1994

திரு. பெலிச் அவர்களுக்கு,

கொன்செட்டா எழுதுகிறேன். எந்தக் கொன்செட்டா என்று யோசிக்க வேண்டாம். விஸ்தினின் மனைவி. உங்கள் ஞானமகன் சவேரின் அம்மா. உங்கள் விலாசத்தை இஸ்லாவில் உங்கள் அக்காவிடம் வாங்கினேன். வாசலில் நிற்க வைத்தே எழுதிக் கொடுத்தார். நானும் உள்ளே போகிறவளாக இல்லை.

முப்பத்தாறு வருஷம் ஆகிறது. நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பிரிட்டிஷ்காரன் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. ஊர் நடுவே இருக்கும் முதல் டாக்கில் இப்போது பழுதுபார்க்கக் கப்பல் வருவதில்லை. தண்ணீர் பச்சை பிடித்துக் கிடக்கிறது. பழைய டாக்யார்டு ஆட்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். மே முதல் தேதி அந்தச் சுவரில் ஒரு கல் பதிக்கப் போகிறார்கள். வேலையில் இருக்கும்போது செத்தவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்குமாம். பெயிண்டர் லேலிதான் செயலாளர். டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். யார் சாரத்திலிருந்து விழுந்தார்கள், எந்தக் கப்பல் யுத்தத்தில் ஓட்டையோடு வந்தது என்று ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். என் வீட்டுக்கும் வந்தார். காபி கொடுத்தேன். குடித்தார். ஆனால் டேப்பைப் போடவில்லை.

"கொன்செட்டா, சொன்னா வருத்தப்படாதே. பட்டியல்ல உன் வீட்டுக்காரர் பேரு இல்ல" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா? கப்பலில் ஏறுகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை ஏணியடிப் பலகையில் மாட்டிவிட்டு ஏற வேண்டும். இறங்கும்போது கழற்ற வேண்டும். அன்றைக்கு நெருப்புப் பிடித்தபோது எல்லோரும் இறங்கிவிட்டார்கள், பலகையில் ஒரு வில்லைகூட இல்லை. விஸ்தின் மட்டும் வில்லை மாட்டாமல் திருட்டுத்தனமாக ஏறியிருக்கிறார். விசாரணையில் அப்படித்தான் எழுதி வைத்தார்கள். அதற்கு மேல் ஊர் எழுதிக்கொண்டது. உள்ளே செம்புக் குழாய் ஒளித்து வைத்திருந்தான், நெருப்பில் அது போய்விடுமே என்று எடுக்க ஓடினான் என்று. அவர் பையில் இரண்டு துண்டுக் குழாய் இருந்ததாம். குழாய் பொருத்துகிறவன் பையில் குழாய் இல்லாமல் வேறு என்ன இருக்கும்?

எங்கள் வீட்டுப் பட்டப்பெயர் 'நண்டு' என்று உங்களுக்குத் தெரியும். தாத்தா காலத்துப் பெயர். இந்த ஊரில் சொந்தப் பெயரை வைத்து யாரை யார் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த 'நண்டு' போய் 'செம்பு' ஆகிவிட்டது. தபால்காரனுக்கும் நான் 'செம்பு கொன்செட்டா'தான்.

லேலி சொல்கிறார், கடைசியாக வில்லையைக் கழற்றியது நீங்கள்தானாம். அப்படியானால் கப்பலுக்குள் கடைசியாக இருந்ததும் நீங்கள். அவரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் எதற்காக ஏறினார் என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கமிட்டி யோசிக்கும் என்கிறார்.

அவர் சாவுக்கு நீங்கள் வரவில்லை. மூன்று மாதத்தில் கப்பல் ஏறிப் போய்விட்டீர்கள். அதையெல்லாம் இப்போது கேட்கவில்லை. இதை மட்டும் செய்யுங்கள்.

கொன்செட்டா

*

செயின்ட் ஆல்பன்ஸ், மெல்போர்ன்
27 பிப்ரவரி 1994

அன்புள்ள கொன்செட்டா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

நான் இங்கே மகள் வீட்டில் இருக்கிறேன். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. இரண்டு முழங்காலும் போய்விட்டன, மாடிப்படி ஏற முடியவில்லை. வெயில் இன்னும் குறையவில்லை. பக்கத்துத் தெருவில் நம் ஊர் ஆள் ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார். ரொட்டி நம் ஊர் ரொட்டி மாதிரிதான் இருக்கிறது. தக்காளியில்தான் ருசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் உட்கார்ந்து ஊரைத் திட்டுவோம், பிறகு அழுவோம்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? ஒரே புகை. யார் எங்கே இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பின்பக்க ஏணி வழியாக இறங்கி வந்தேன். விசாரணையில் அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டேன். விஸ்தினை நான் உள்ளே பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? அவன் திருடன் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அது போதாதா? கல்லில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இங்கே கோவிலில் அவனுக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் ஆகஸ்டில் வைக்கிறேன். சவேர் என்ன செய்கிறான்? சின்ன வயதில் நான் அனுப்பிய பார்சல்களை நீ திருப்பி அனுப்பினாய். அதற்குப் பிறகு அவனுக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

பெலிச்

*

போர்ம்லா
12 மார்ச் 1994

பெலிச்,

இனி 'நீ' என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்தது என் தப்பு.

கல்லில் பெயர் இருந்தால் என்ன என்று கேட்கிறாய். பத்தாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு கேட்கலாம். உன் பெயரை அங்கே யார் கெடுத்தார்கள்? நான் சொல்கிறேன் கேள். சவேருக்கு இருபத்து நாலு வயதில் ஒரு பெண் பார்த்தோம். நல்ல பெண், அவனுக்கும் பிடித்திருந்தது. மோதிரம் போட்டு மூன்றாவது வாரம் அவளுடைய அப்பா வந்தார். உட்காரவில்லை. 'செம்பு' வீட்டில் பெண் கொடுத்தான் என்று என் காதுபடச் சொல்கிறார்கள், என்னால் தாங்க முடியவில்லை என்றார். மோதிரத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். சவேருக்கு நாற்பது வயதாகிறது. இன்னும் என்னோடுதான் இருக்கிறான்.

போன வருஷம் ஈஸ்டர் காலையில் உயிர்த்த ஆண்டவர் சிலையைத் தூக்கிக்கொண்டு ஓட அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஒருவன் இடுப்புவலி என்று விலகியதால் கிடைத்த இடம். தோள் கொடுத்து நிற்கிறான், கூட்டத்தில் யாரோ சொல்கிறான்: "செம்பு தூக்குறான்டா, சிலையில பித்தளை ஏதாச்சும் இருக்கா பாத்துக்கங்க." எல்லோரும் சிரித்தார்கள். சாமியார்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். என் பிள்ளை சிலையைக் கீழே வைக்காமல் கடைசி வரைக்கும் ஓடினான். வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு எனக்குச் சமைக்க முயல் வெட்டிக் கொடுத்தான்.

அவன் உன் ஞானமகன். ஞானஸ்நானத் தொட்டியில் அவனைத் தாங்கிக்கொண்டு சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று அவனுக்காகச் சொன்னது உன் வாய்.

இன்னொன்று. உன் கடிதத்தை லேலியிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு ஒரு காது போய்விட்டது, மூளை போகவில்லை. பின்பக்க ஏணி வழியாக இறங்கினேன் என்று நீ எழுதிய இடத்தில் என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு, "பின்பக்க ஏணியா? அங்க பெயிண்ட் அடிக்கணும்னு முந்தின நாளே நாங்க எடுத்துப் போட்டுட்டோமே" என்றார்.

விசாரணையில் உட்கார்ந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது தெரிந்திருக்காது. கையால் அந்த ஏணியைத் தூக்கிப் போட்டவனுக்குத் தெரியும்.

நீ எந்த வழியாக இறங்கினாய்? முழங்காலைப் பற்றியும் தக்காளியைப் பற்றியும் எழுதுவதாக இருந்தால் தபால் செலவு வேண்டாம்.

கொன்செட்டா

*

செயின்ட் ஆல்பன்ஸ்
24 மார்ச் 1994

கொன்செட்டா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

லேலி சொன்னது சரி. நான் அந்த ஏணி வழியாக இறங்கவில்லை.

மேலே எழுதுவதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நெருப்புப் பிடித்தது செவ்வாய்க்கிழமை. முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், உன் வீட்டில் உனக்கும் விஸ்தினுக்கும் என்ன பேச்சு நடந்தது என்று நினைவிருக்கிறதா? நினைவில்லை என்றால் இல்லை என்று எழுது. அதுதான் நல்லது. அப்போது நான் வேறு மாதிரி சொல்லிக்கொள்கிறேன்.

பெலிச்

*

போர்ம்லா
7 ஏப்ரல் 1994

பெலிச்,

என்னை விசாரிக்க வந்துவிட்டாயா?

நினைவில்லாமல் என்ன? அவரோடு நான் போட்ட கடைசிச் சண்டை அது. அதை எப்படி மறப்பேன்?

நீ இஸ்லாப் படகுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாய். செப்டம்பர் எட்டாம் தேதி ஊர்ப் படகுப் பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காலையில் நீ தண்ணீரில் இருப்பாய், உன் வில்லையையும் இவர் வாங்கி வந்து, தன்னுடையதோடு சேர்த்துக் கப்பல் பலகையில் மாட்டிவிடுவார். நீ மத்தியானம் வந்து நுழைவாய். அந்தக் கோடை முழுக்க இதுதான் நடந்தது. போர்ம்லா ஆள் இஸ்லாப் படகுக்கு ஒத்தாசை செய்கிறான் என்று தெரிந்திருந்தால் எங்கள் ஊர்க்காரர்களே அவரை டாக்கில் தள்ளியிருப்பார்கள். "அவங்க ஜெயிச்சா நான் இஸ்லாவுக்கே குடிபோயிடறேன், நீயும் மூட்டையைக் கட்டிக்க" என்று என்னிடம் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷம்தான் டாக்யார்டில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வில்லை விஷயத்தில் பிடிபட்ட இரண்டு பேரை ஜூலையில் வெளியே அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை மேசையில் சூப்பை வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். உங்களுக்குப் பிள்ளை பெரிதா, பெலிச் பெரிதா என்று கேட்டேன். அவர் வழக்கம்போல் சிரித்து மழுப்பினார். நான் விடவில்லை. சவேருக்கு அப்போது மூன்று வயது, அவனைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். இனிமேல் அவனுடைய வில்லையை மாட்ட மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். சூப்பைக் குடிக்காமலே எழுந்து, அவனிடம் இப்போதே சொல்லிவிட்டு வருகிறேன் என்று இஸ்லாவுக்கு நடந்தார்.

நான் செய்ததில் என்ன தப்பு? எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள்.

எதற்காகக் கேட்டாய் என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுது. வேறு மாதிரி எல்லாம் சொல்ல வேண்டாம். நடந்த மாதிரி சொல்.

கொன்செட்டா

*

செயின்ட் ஆல்பன்ஸ்
17 ஏப்ரல் 1994

கொன்செட்டா,

நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விஸ்தின் வந்தான். வாசலில் நின்றே சொன்னான். "இனிமே உன் வில்லையை நான் மாட்ட மாட்டேன்டா. பையன் தலையில சத்தியம் பண்ணியாச்சு. நாளைக்கு நீ ஒழுங்கா வேலைக்கு வா." நான் சரி என்றேன். கோபப்படவில்லை. உன்னைத் திட்டவும் இல்லை. ஆனால் படகுக்காரர்கள் காலையில் எனக்காகக் காத்திருப்பார்கள். என்னால் அதை விட முடியவில்லை. எனக்கு இருபத்தாறு வயது, கொன்செட்டா. ஊரே என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது.

காலையில் சங்கு ஊதியதும் எல்லோரோடும் உள்ளே போனேன். கப்பலடிக்குப் போய் என் வில்லையை நானே பலகையில் மாட்டினேன். விஸ்தின் அங்கேதான் நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "வந்துட்டியா? நல்ல வேளை. கொன்செட்டா உன்னை ஒரு நாள் சாப்பிட வரச் சொன்னா" என்றான். நான் தலையை ஆட்டினேன். அவன் மேலே ஏறிப் போனான். நானும் அவன் பின்னால் நாலு படி ஏறினேன். அவன் உள்ளே மறைந்ததும் இறங்கிவிட்டேன். டாக் ஓரத்தில் கல்படி ஒன்று நேரே தண்ணீருக்குப் போகும், உனக்குத் தெரிந்திருக்கும். அங்கே படகு வந்து நின்றது.

நான் உள்ளே இருக்கிறேன் என்று வில்லை சொன்னது. நான் தண்ணீரில் இருந்தேன்.

பத்து மணிவாக்கில் புகையைப் பார்த்தோம். துடுப்பை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தோம். எங்கள் கப்பல்தான் என்று தெரிந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன். நல்ல வேளை நான் உள்ளே இல்லை என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

விஸ்தின் அதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, தன் வில்லையைக் கழற்றிக்கொண்டு, குழாய்ப் பட்டறைக்குப் போயிருக்கிறான். திரும்பி வரும்போது நெருப்பு. எல்லோரும் முன்பக்கம் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பலகையைப் பார்த்திருப்பான். கொக்கியெல்லாம் காலி. ஒரே ஒரு வில்லை தொங்கியது, என்னுடையது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் சிரித்துக்கொண்டு போயிருப்பான், ஏனென்றால் அதை மாட்டியவனே அவன்தான். அன்றைக்கு அவன் மாட்டவில்லை. நான் வந்ததைக் கண்ணால் பார்த்தான். அதனால் ஏறினான். வில்லையை மாட்டிக்கொண்டு நிற்க அவனுக்கு ஏது நேரம்?

இதெல்லாம் பிறகு நான் யோசித்துச் சேர்த்தது. நான் கரைக்கு வந்தபோது இது எதுவும் தெரியாது. ஒரே கூட்டம். மேஸ்திரி பலகையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார், பெலிச் எங்கே, பெலிச்சை யாராவது பார்த்தீர்களா என்று. இரண்டு பேர் ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு என்னைத் தேடி உள்ளே போகத் தயாராக நின்றார்கள். நான் பின்னாலிருந்து வந்து "இதோ இருக்கேன்" என்று சொல்லி என் வில்லையைக் கழற்றினேன். பின்பக்கம் இறங்கினேன் என்று சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம். மேஸ்திரி என் முதுகில் ஓர் அடி கொடுத்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு. மூடியை இறக்குங்க" என்றார். அந்த இரண்டு பேரும் துணியை அவிழ்த்தார்கள். காற்றுப் போகாமல் இருந்தால்தான் நெருப்பு அடங்கும், அவர் செய்தது சரிதான். மேல்தளத்து மூடிகளை எல்லாம் இறக்கிப் பூட்டினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

விஸ்தின் வீட்டுக்கு வரவில்லை என்று சாயங்காலம் நீ டாக்யார்டு வாசலுக்கு வந்து நின்றாய். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவனைத் தூக்கி வந்தார்கள். அதற்கு மறுநாள் செம்பு என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அந்த முகத்தோடு சவப்பெட்டிக்குப் பின்னால் எப்படி நடப்பேன்? ஓடிவிட்டேன்.

மூடும்போது அவனுக்கு உயிர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டுப் பேச்சை ஏன் கேட்டேன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். நீ அதை மறந்திருந்தால், அந்தச் சத்தியத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். உனக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்றுதான். நீ செய்தது தப்பில்லை. நீ சொன்னபடி நான் வேலை செய்திருந்தால் மூன்று பேரும் நன்றாக இருந்திருப்போம்.

இதோடு தனித் தாள் ஒன்று வைத்திருக்கிறேன், கமிட்டிக்கு. இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டது. நான் செய்தது முழுவதும் அதில் இருக்கிறது. உன் சத்தியத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

பெலிச்

*

போர்ம்லா
3 மே 1994

பெலிச்,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். சவேர் வேலையிலிருந்து வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவன் வந்து அடுப்பு ஏன் பற்றவைக்கவில்லை என்று கேட்டான். கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போனான். வரும்போது ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு வந்தான். அம்மா சாப்பிடு என்றான்.

மறுநாள் உன்னைக் கண்டபடி திட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. அதில் இருந்ததெல்லாம் உனக்கே தெரியும்.

சாப்பிட வரச் சொல் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை, பெலிச். அவ்வளவு கோபத்தில் இருந்தேன், சாப்பாட்டுக்கா கூப்பிடுவேன்? உனக்கு வருத்தமாக இருக்கக் கூடாது என்று அவராகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவர் அப்படித்தான். அந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

புதன்கிழமை பேண்டு கிளப்பில் கமிட்டி கூடியது. எட்டுக் கிழவர்கள். நானும் சவேரும் போனோம். உன் தாளை லேலி எழுந்து நின்று வாசித்தார். மூடியை இறக்கிய இடம் வந்ததும் அவரால் முடியவில்லை, சவேரிடம் கொடுத்துவிட்டார். சவேர் மிச்சத்தை வாசித்தான். குரல் நடுங்காமல் வாசித்தான். உன் பெயரையும் சரியாக வாசித்தான்.

பிறகு ஒரு கிழவர், கோடை முழுக்க அவன் வில்லையை மாட்டியவர் அன்றைக்கு மட்டும் ஏன் மாட்டவில்லை என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நீ எழுதாமல் விட்ட வரி அதுதான். சவேர் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். நான் எழுந்தேன்.

"நான்தான் மாட்டக் கூடாதுன்னேன். பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் வாங்கினேன்" என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முப்பத்தாறு வருஷம் ஊர் எங்களைப் பேசியது, இதற்கும் பேசட்டும். உன்னை மட்டும் நிற்க வைத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அது உன் மேல் உள்ள இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரைப் பற்றி இத்தனை வருஷம் அரைகுறையாகப் பேசியது போதும் என்றிருந்தது.

லேலி தன் நாற்காலியை எனக்கு நகர்த்திக் கொடுத்தார்.

கல் ஏற்கெனவே வெட்டி முடிந்திருந்தது. வருஷ வரிசையில் பெயர்கள். ஐம்பத்தேழாம் வருஷத்துக்கு நடுவில் இடம் இல்லை. அதனால் கடைசிப் பெயருக்குக் கீழே, எழுபத்தொன்றில் செத்தவருக்கு அடுத்து, அவர் பெயரை வெட்டினார்கள். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பதால் எல்லோருக்கும் பட்டப்பெயரும் போட்டிருக்கிறார்கள். எது போடுவது என்று கல்தச்சன் கேட்டான். சவேர், 'நண்டு' என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் திறந்தார்கள். பேண்டு வாசித்தார்கள். சாமியார் தண்ணீர் தெளித்தார். மோதிரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போன அந்த மனிதரும் கூட்டத்தில் நின்றார். வயதாகிவிட்டது, ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். சவேர் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவனுக்கு நாற்பது வயது. கல்லை எத்தனை தடவை திறந்தாலும் இருபத்து நாலு வயது வராது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அவன் பேசினான். விசாரணையில் அவர்கள் பிடித்துக்கொண்ட இன்னொரு விஷயம் உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அவரைக் கண்டுபிடித்தது ஏணிப் பக்கம் இல்லை. கப்பலின் அடியில், கடைசி அறையில். ஆளைத் தேடுகிறவன் அவ்வளவு தூரம் போவானா, பொருளைத் தேடுகிறவன்தான் போவான் என்று எழுதினார்கள். நானே அதைப் படித்துவிட்டு எத்தனையோ நாள் அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையிடம்கூட.

சவேர் சொன்னான்: "அப்பா கூப்பிட்டுக்கிட்டே போயிருப்பாரும்மா. ஒவ்வொரு அறையா நின்னு கூப்பிட்டிருப்பார். பதில் வரல. பதில் வந்திருந்தா அங்கேயே நின்னிருப்பார்."

மூடியை இறக்கும்போது உயிர் இருந்ததா என்று கேட்டிருந்தாய். எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டாம். மன்னித்தேன் என்று எழுதலாம் என்று இரண்டு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன், கை எழுத மாட்டேன் என்கிறது. எழுத வராததை எழுதவில்லை.

சவேர் உன் விலாசத்தைக் கேட்டான். கொடுத்திருக்கிறேன். என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியாது. திட்டுவானோ, அப்பாவைப் பற்றிக் கேட்பானோ. அவருடைய முகம் அவனுக்கு நினைவில்லை. குரலும் நினைவில்லை. அவர் எப்படிச் சிரிப்பார் என்று சொல்ல இப்போது நீயும் நானும்தான் இருக்கிறோம்.

அவன் கூப்பிட்டால் இந்தத் தடவை பதில் சொல்.

கொன்செட்டா